குருவி நின்ற ஸ்டூல்

ஜனவரி 9

மகளுக்கு,

ரயில் பாலம் ஆற்றோடு போன வருஷம் அது. எங்கள் தெருவுக்கு முதல் மின்விளக்கு வந்ததும், வந்த மறுநாளே எவனோ கல்லெறிந்து அதை உடைத்ததும் அதே வருஷம்தான். வெள்ளம் வடிந்த பிறகு நூல் மில்லில் புது மெஷின்களை இறக்கினார்கள். பழசைவிட உயரம். எங்களைப் போன்ற பொடியன்களுக்குக் கை எட்டவில்லை. கரை ஒதுங்கிய பாலத்துக் கட்டைகளை மில் தச்சர் அறுத்து, ஆளுக்கொரு ஸ்டூல் செய்து கொடுத்தார். நீ எடுத்துக்கொண்டு போன ஸ்டூல் அப்படிப் பிறந்தது. பலகையின் நடுவில் இருக்கிற ஓட்டை, பாலத்து போல்ட் போன ஓட்டை. மூன்று வயதில் நீ அதில் விரலை விட்டு மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினாய். உன் அம்மா சோப்பு போட்டு உருவி எடுத்தாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 'சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்டது' என்று நீ உன் கண்காட்சியில் எழுதி மாட்டியிருக்கிறாயாம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா பேப்பரில் படித்துக் காட்டினாள். சுமார் எதற்கு? எனக்கு எழுத்துதான் தெரியாது. ஞாபகம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள், தையல் மெஷின் பலகைமேல் தாளை வைத்து. "கோவத்தக் கொஞ்சம் கொறச்சு எழுதட்டுமா பெரியவரே?" என்று கேட்டாள். "சட்டைக்கு அளவு எடுத்தா எடுத்தபடிதான தைப்ப? இதையும் அப்படியே எழுது" என்றேன். போனில் சொல்லலாமே என்பாய். காது பாதிதான் கேட்கிறது. அதோடு நீ அழுதுவிடுவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன்.

கண் ஆபரேஷனுக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில் நீ வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். கண் மங்கலாக இருந்தவரை ஸ்டூல் இருந்தது. கண் தெளிந்து வீட்டுக்கு வந்தால் ஸ்டூலைக் காணோம்.

பேப்பர் போட்டோவில் உன் பின்னால் உன் சாமான்களைப் பார்த்தேன். ஸ்கூல் பைக்குள் சிமெண்ட் ஊற்றியிருக்கிறாய். கிலுகிலுப்பைக்குள் ஆணி. தாண்டிக் குதிக்கிற கயிற்றுக்குப் பதில் முள்கம்பி. பிள்ளைகள் விளையாடுகிற சாமான்களை வைத்தே பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய கொடுமையைச் சொல்கிறாய் என்று போட்டிருந்ததாம். சொல்லு. நல்ல காரியம்தான், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில், வெள்ளை மேடைமேல் அந்த ஸ்டூல். அடியில், 'என் அப்பா ஒன்பது வயதில் இதில் நின்று அறுந்த நூலை ஒட்டினார்.'

நான் அதில் நிற்கவில்லை. அது என்னுடையது இல்லை. என்னுடையது எப்போதோ அடுப்பில் எரிந்து வெந்நீராகிவிட்டது.

அதைக் கொண்டுவந்து குழாயடியில் இருந்த இடத்தில் வை. உன் அம்மா அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதில் உட்காருவதும் இல்லை, என்னை எடுக்க விடுவதும் இல்லை.

அப்பா

●

ஜனவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தோடு ஒரு பச்சை நூல் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வைத்திருக்கிறேன்.

உங்களைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். ஆனால் திருடிக்கொண்டு வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். ஸ்டூலை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு, "பத்திரமா வெச்சுக்குவியா?" என்று மட்டும் கேட்டாள். "வெச்சுக்கறேன்" என்றேன்.

உங்களுடையது இல்லை என்கிறீர்கள். பின்னே யாருடையது? அதில் ஏறி நின்றுதான் நான் குழாயில் பல் விளக்கினேன். அதைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பஸ் ஓட்டினேன், நீங்களும் இரண்டு முறை பயணியாக வந்திருக்கிறீர்கள், டிக்கெட் வாங்காமல். எனக்கு அண்ணன் தம்பி இல்லை, மாமா என்று கூப்பிடவும் ஒருவர் இல்லை. கூட விளையாட இருந்தது அந்த ஸ்டூல்தான். அது ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு காலுக்கு அடியில் அம்மா அட்டையை மடித்து வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ரம்பத்தோடு வந்து, சரிசெய்து தருகிறேன் என்றபோது அவரை வாசலோடு விரட்டினீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல கை வெக்காத." அவ்வளவுதான்.

மில்லைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஒரே பதில்: "மெஷின் ஓடும், நாங்க நிப்போம்." நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களை நான் ஊகித்து நிரப்பினேன். அதில் தப்பு இருந்தால் பாதி உங்களையும் சேரும்.

நேற்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். சிமெண்ட் பையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஸ்டூலுக்கு முன்னால் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் குழந்தை கை நீட்டியது. 'தொடாதீர்கள்' என்ற பலகையை அதனுடைய டீச்சர் காட்டினார். கையை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றது. நான் செய்ததில் ஏதோ ஒன்று அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது அப்பா. இதற்காகத்தான் இத்தனை வருஷம் நாலு பேர் சிரிக்கச் சிமெண்ட் குழைத்தேன்.

கண்காட்சி முடிந்ததும் நகர அருங்காட்சியகம் ஸ்டூலை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டேன். ஆனால் குழாயடிக்குத் திரும்பக் கொண்டுவரவும் மனம் வரவில்லை. அங்கே தண்ணீரில் ஊறி உளுத்துப்போகும்.

இன்னொன்று. மேடையில் நிற்காமல் அது ஆடியது. நான்கு கால்களையும் ஒரு விரல் அளவுக்கு அறுத்துச் சமமாக்கிவிட்டேன். இப்போது கல்லு மாதிரி நிற்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், இனி அட்டை வேண்டாம்.

மகள்

●

ஜனவரி 27

மகளுக்கு,

'அறுத்து' என்ற இடத்தில் தையல்காரம்மாவை நிறுத்தச் சொன்னேன். மறுபடி படிக்கச் சொன்னேன். பிறகு மேலே வந்து படுத்துவிட்டேன். பதில் தாமதமானது அதனால்தான்.

நான் சொல்லவில்லை என்கிறாய். இப்போது சொல்கிறேன், கேள்.

தச்சர் செய்தபோது எல்லா ஸ்டூலுக்கும் ஒரே உயரக் கால். பையன் வளர வளர, மேஸ்திரி அவனை மெஷின் முன்னால் ஸ்டூல்மேல் நிறுத்திப் பார்ப்பார். "டேய், குனிஞ்சு நூல் ஒட்டுற. போய்க் கால அறுத்துட்டு வா" என்பார். தச்சர் நாலு காலையும் அறுப்பார். அறுத்த நாலு துண்டும் அந்தப் பையனுக்கு. அன்றைக்கு அவன்தான் ராஜா. டவுசர் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டே திரிவான். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துண்டுகளை அடுக்கி வைத்துப் பந்தால் அடிப்போம். பந்து, கழிவு நூலை உருட்டிச் செய்தது. துண்டு இல்லாதவனுக்கு ஆட்டத்தில் இடம் இல்லை, பந்து பொறுக்கத்தான் வேண்டும். கால் முழுக்க அறுபட்டுப் பலகை தரையில் உட்கார்ந்துவிட்டால் அவன் பெரிய ஆள். பிறகு ஸ்டூல் கிடையாது.

'விளையாட்டு பறிக்கப்பட்ட கைகள்' என்று எழுதியிருக்கிறாயாம். எங்கள் கையிலிருந்து அதை எவனாலும் பறிக்க முடியவில்லை. மூக்கெல்லாம் பஞ்சு, காதெல்லாம் இரைச்சல், அதற்குள்தான் விளையாடினோம். அதனால் அது நல்ல இடம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல இடமாக இருந்தால் இந்தக் கடிதம் எதற்கு?

எங்களில் ஒருத்தனுக்குக் குருவி என்று பேர். அவன் வளரவே இல்லை. மேஸ்திரி அளவு பார்க்கும்போது ஸ்டூல்மேல் நுனிக்காலில் எம்புவான். அவர் தலையில் கை வைத்து அழுத்தி, "எறங்குடா குருவி" என்பார். எல்லாரும் சிரிப்போம், அவனும் சிரிப்பான். அவனுக்கு ஒரு தங்கை. மதியம் தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "அண்ணா, அறுத்துட்டாங்களா?" என்று கத்துவாள். "நாளைக்கு!" என்று இவன் உள்ளேயிருந்து கத்துவான். தினம் அதே கேள்வி, அதே பதில். வாட்ச்மேன்கூட அவளைக் கண்டால், "நாளைக்காம், போ" என்பார்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மில் சங்கை விட்டு விட்டு ஊதுவார்கள். பையன்கள் அவரவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கழிவுப் பஞ்சு அறைக்குள் ஓட வேண்டும். ஸ்டூல் கிடந்தால் பையன் இருந்தான் என்று ஆகிவிடும் அல்லவா. கதவை வெளியே தாழ் போடுவார்கள். பொதிகளுக்கு இடையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்று மூலையில், குருவி இருந்த பக்கம், ஒரு பொதி அடுக்கு சரிந்தது. பஞ்சு விழுந்தால் சத்தம் வராது. கதவு திறந்து எல்லாரும் வெளியே வந்தோம். திரும்பிப் பார்க்கிறேன், ஒரு ஸ்டூல் மட்டும் உள்ளே நிற்கிறது. தூக்க ஆள் இல்லை.

மில்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'எங்கள் மில்லில் சின்னப் பையன்களே கிடையாது. இவன் பஞ்சு திருடச் சுவரேறி வந்தவன்.' குருவியின் அப்பாவும் அதே மில்லில்தான் வேலை பார்த்தார், குடியிருந்தது மில் கொடுத்த வீடு. அவர் வாயைத் திறக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியின் மேஜைமேல் நான் அந்த ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்தேன். "சார், இது அவன் நின்னது" என்றேன். "ஸ்டூல் எங்கதான்டா இல்ல? எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு அந்த உயரம் ஒன்றுதான் சாட்சி. அதைத்தான் நீ அறுத்திருக்கிறாய்.

இன்னொன்று. 'திருடிக்கொண்டு வரவில்லை' என்று எழுதியிருந்தாய். இந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. இனி நீயும் எழுதாதே.

அப்பா

●

பிப்ரவரி 4

அப்பா,

ஸ்டூலை மேடையிலிருந்து இறக்கிவிட்டேன். எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டேன். "கண்காட்சி நடுவுல இப்படிப் பண்ணினா எப்படி மேடம்?" என்று பொறுப்பாளர் தலையில் கை வைத்தார். "தப்பா எழுதிட்டேன் சார்" என்றேன்.

அறுத்த துண்டுகளை நான் எறியவில்லை. எதையும் எறியாத குணம் உங்களிடமிருந்து எனக்கு வந்தது. மரவேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி, திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டேன். "ஒட்டலாம். ஆனா கோடு தெரியும்" என்றார். ஒட்டட்டுமா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான்கையும் துணிப்பையில் வைத்து இத்தோடு அனுப்பியிருக்கிறேன். என் கையில் வைத்திருக்க முடியவில்லை.

நான் தினமும் அவன் நின்ற இடத்தில் ஏறி நின்றிருக்கிறேன். ஓட்டையில் விரல் விட்டிருக்கிறேன். அவனும் விட்டிருப்பான் இல்லையா? அவன் விரல் எத்தனை சின்னதாக இருந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஸ்டூல் உங்களுடையது இல்லை என்றால் சம்மதம் தர வேண்டியவர் வேறு யாரோ. குருவிக்கு யாராவது மிச்சம் இருக்கிறார்களா? அந்தத் தங்கை? எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இருந்தால் நானே போய்க் காலில் விழுந்து கேட்கிறேன். அவர் வேண்டாம் என்றால் அருங்காட்சியகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாயடிக்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

ஏன் ஒருநாள்கூட அவனைப் பற்றி எனக்குச் சொல்லவில்லை?

மகள்

●

பிப்ரவரி 12

மகளுக்கு,

பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்த தையல்காரம்மா, "என்ன பெரியவரே, பொண்ணு வெறகு அனுப்பியிருக்கு?" என்றாள். பிறகு கடிதத்தைப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, வெட்ட எடுத்த துணியை அப்படியே மடித்து வைத்துவிட்டாள்.

ஒட்ட வேண்டாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். குருவியின் தங்கை என்னிடம் வாங்கிய வாக்கு. "அவன் பேரச் சொன்னா பின்னாலயே அந்த வார்த்தையும் வரும். எனக்குப் பொறக்கப்போற புள்ள காதுல அது விழக் கூடாது" என்றாள். அவள் இருக்கிறாள். போன கடிதத்தில் கோபத்தில் நான் வாக்கை மீறிவிட்டேன், அதையும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. துண்டுகளை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போனேன்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலையும் மடியில் போட்டேன். இன்னது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கினாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. என் பாதிக் காதுக்கும் முழுசாகக் கேட்டது. பிறகு என்னைப் பார்த்து,

"அறுத்துட்டாங்களா?" என்றாள்.

கேட்டுக்கு வெளியே நின்று கேட்ட அதே குரல். பல்தான் இல்லை.

"அறுத்துட்டாங்க."

"யாரு?"

சொன்னேன்.

"எவ்ளோ?"

"ஒரு விரல்."

"ஒரு விரல் வளந்துட்டான்" என்றாள்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இதை எழுத வேண்டாம் என்கிறாள் தையல்காரம்மா. எழுது என்கிறேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். மேஸ்திரி அவனைக் கடைசிவரை அழுத்திக்கொண்டே இருந்தார். மில்காரன் அவனை இல்லவே இல்லை என்றான். அதிகாரி, எடுத்துக்கொண்டு போ என்றார். நான் அந்த உயரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவனை அந்த உயரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். நீ ஒன்றும் தெரியாமல் ரம்பத்தை எடுத்து அறுத்தாய். உன்னைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கேட்காமல் எடுத்ததற்கு மீதிப் பாதி இருக்கட்டும்.

ஸ்டூலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் வெள்ளை மேடை கூடாதாம், தரையில் வைக்க வேண்டும். மில் மெஷினின் உயரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட வேண்டும். 'தொடாதீர்கள்' பலகையை எடுத்துவிட வேண்டும். "புள்ளைங்க ஏறி நின்னு எட்டிப் பாக்கட்டும். அப்பத்தான் தெரியும்" என்றாள். உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "பாலத்துக் கட்ட. ஆறே வந்து ஒடைக்க முடியல" என்றாள்.

எழுதி மாட்டுவதில் என் பேச்சை எடுத்துவிடு. இதில் நின்றவன் வேலை செய்தான், விளையாடினான், வளரும் முன் போனான் என்று எழுது. திருடன் இல்லை என்று எழுதாதே. இல்லை என்று எழுதினாலும் அந்த வார்த்தை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே அவன் பெயர் இருக்க வேண்டும். குருவி என்பது நாங்கள் வைத்தது. வீட்டில் வைத்த பெயர் வேறு. அது எனக்கும் தெரியும், ஆனால் நான் சொல்லக் கூடாதாம். இத்தனை வருஷம் வாயில் வராத பெயரை அவளே வந்து உன்னிடம் சொல்வாளாம். நீ உன் கையால் எழுத வேண்டுமாம்.

துண்டுகளைத் தர மாட்டாள். இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். நடந்தால் சத்தம் வருகிறது.

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்களை ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். கரடி, மில்லை மூடிய வருஷம் போனான். சோடாபுட்டி லாரியில் அடிபட்டான். ஒட்டடைக்கு நெஞ்சில் பஞ்சு. தூங்குமூஞ்சி போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே; வைத்த பேருக்குக் கடைசிவரை உண்மையாக இருந்தான். தச்சர் இல்லை, மேஸ்திரி இல்லை, அந்த அதிகாரியும் இருக்க மாட்டார். நான் இருக்கிறேன், ஆனால் என்னைச் சேர்க்காதே. நான் கூட விளையாடியவன் மட்டும். அவன் வீட்டு ஆட்களில் உயிரோடு இருப்பது ஒருத்திதான்.

காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அவளே வருகிறாள், ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போ. குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த வாளியை இன்றைக்குத்தான் நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தாள், குருவியின் தங்கை, உன் அம்மா.